தலைமாட்டுல என்ன இருக்குதுன்னு பாருங்க
(வாசகர் கேள்வி பதில்: மூக்கு, சளி, இழுப்பு)

ஆனி பொறந்து காத்து தூக்க ஆரம்பிச்சதுல இருந்து வர்ற கடுதாசில பாதிக்கு மேல மூக்கப் பத்தித்தானுங்க. பாலக்காட்டுக் கணவாய்ல பூந்து வர்ற காத்து நம்ம பக்கம் மண்ணையும் பஞ்சையும் ஒண்ணா வாரிக் கொண்டாந்து வீட்டுக்குள்ள கொட்டிட்டுப் போகுது, ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க. ஒரே மாதிரி கேட்டவங்களோடத ஒண்ணா சேத்திட்டேன், உங்க ஊர் பேரு வரலைன்னா கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: டாக்டருங்க, எனக்கு 34 வயசு. வெடியால எந்திரிச்சு கால கீழ வெக்கறதுக்குள்ள தும்மல் வந்துருது, எண்ணி 20, 25 தும்மல். கண்ணு, மூக்கு, மேல் அண்ணம் எல்லாம் அரிப்பு, மூக்குல தண்ணியா ஊத்துது. பத்து மணிக்கு மேல தானா அடங்கிருது. ரோட்டு தூசின்னு சொல்லி எங்க வீட்டுக்காரரு ஜன்னல எல்லாம் சாத்தி வெச்சுட்டாரு, சாத்துனதுக்கு அப்பறம் எச்சாயிருச்சு. ஏனுங்க இப்படி? – வாசகி, சூலூர்

பதில்: அம்மிணி, நீங்க எழுதுன நேரத்துலயே பதில் இருக்குது. ரோட்டு தூசின்னா நீங்க வெளிய போய் வர்ற பகல்லதானே எச்சாகோணும்? உங்களுக்கு எந்திரிக்கறப்ப வருது, அடுப்படிக்குப் போயி நாலு வேல பாத்தா அடங்குது. அப்ப ராத்திரி எட்டு மணி நேரம் மூக்குக்குப் பக்கத்துல என்ன கெடந்துச்சுன்னு பாருங்க. தலகாணிதான்.

பழைய தலகாணி, மெத்தைக்குள்ள டஸ்ட் மைட்னு ஒரு பூச்சி இருக்குதுங்க, ஒரு மில்லி மீட்டர்ல மூணுல ஒரு பங்கு கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம்ம ஒடம்புல இருந்து உதிர்ற தோல் செதிலத் தின்னுட்டு, நம்ம வேர்வையும் மூச்சும் தர்ற ஈரத்துல பெருகிட்டு அங்கயே கெடக்கும். தும்மல் வர்றதுக்கு முக்கியமான காரணம் அதோட எச்சம், நீங்க பொரண்டு படுக்கறப்ப எல்லாம் அது பொடியாக் கெளம்பி நேரா மூக்குக்குள்ள போகுது. ஜன்னல சாத்துனா ஈரம் வெளிய போறதில்ல, ஈரம் எச்சானா பூச்சிக்குக் கொண்டாட்டம், அதனாலதான் உங்களுக்குக் கூடிருச்சு. காத்து பலமா தூக்கற நேரத்துக்கு ஜன்னல சாத்துங்க வேண்டாங்கல, மத்த நேரம் தொறந்து வெயில் உள்ள வரட்டும்.

இப்ப செய்ய வேண்டியது. அம்மா வீட்டு சீரா வந்த இலவம்பஞ்சு தலகாணி பத்து வருசமா இருக்குதுன்னா, மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா மாத்திருங்க. ஒறை, போர்வை, விரிப்பு எல்லாத்தையும் வாரத்துக்கு ஒருக்கா 60 டிகிரி சுடுதண்ணில தொவைங்க, கை வெக்க முடியாத சூடுன்னு வெச்சுக்கோங்க, வாஷிங் மெஷின்ல அந்த செட்டிங் இல்லைன்னா அண்டால காய வெச்சு ஊத்தி ஊற வெச்சாலும் செரிதான், குச்சியால கெளறி விடுங்க, கைய விட்றாதீங்க. மெத்தைய வாரத்துல ஒரு நாள் மொட்டை மாடிக்கு ஏத்தி உச்சி வெயில்ல மூணு நாலு மணி நேரம் ரெண்டு பக்கமும் திருப்பிப் போடுங்க, பூச்சி காஞ்சு செத்துரும். செத்தாலும் எச்சம் உள்ளயேதான் இருக்கும், அதனால நல்லாத் தட்டோணும், தட்டறது நீங்களா இருக்கக் கூடாது, அலர்ஜி இல்லாத ஆளு, அதுவும் மூக்கக் கட்டிட்டு வெளிய வெச்சுத் தட்டோணும். நாலு பேருக்கு சமைச்சுப் போட்டுட்டு மெத்தைய மாடிக்குத் தூக்குன்னா யாரு தூக்கறதும்பீங்க, ஜன்னல சாத்துன உங்க வீட்டுக்காரருகிட்ட இந்தப் பதில காட்டுங்க, அவரு அக்கறைலதான் சாத்துனாரு, இதையும் செய்வாரு.

தரைக்கு கார்ப்பெட் போட்டிருந்தா எடுத்துருங்க. நம்ம பவானி ஜமுக்காளம் இருக்கறப்ப கார்ப்பெட் எதுக்குங்க, ஜமுக்காளத்த உதறலாம், தொவைக்கலாம், ஒரே வெயில்ல காஞ்சுரும். சீமாறு போட்டு விருவிருன்னு கூட்டுனா தூசி எழும்பி மறுபடி மெத்தை மேலதான் உக்காரும், ஈரத் துணில தொடச்சு எடுங்க. அட்டாலில கெடக்கற பழைய துணி மூட்டை, கட்டிலுக்கு அடியில இருக்கற அட்டைப் பெட்டி, இதெல்லாம் படுக்கற ரூம்ல வேண்டாம். கொழந்தை கட்டிப் புடிச்சுத் தூங்கற பொம்மைய சுடுதண்ணில போட முடியலைன்னா ஒரு பாலித்தீன் கவர்ல கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசர்ல வெச்சு எடுத்து அப்பறம் அலசிக் காய வெச்சுக் குடுங்க.

இதுல ஒண்ண மட்டும் செஞ்சா பத்தாது, எல்லாம் சேத்திச் செஞ்சாத்தான் கொஞ்சமாச்சும் கொறையும், அதுவும் ஒரே வாரத்துல இல்ல, ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் தும்மிட்டே இருக்க வேண்டியதில்ல, டாக்டரப் பாத்து மூக்கு ஸ்ப்ரே வாங்கிக்கோங்க. ஸ்டீராய்டுன்னு பேரக் கேட்டதும் பயப்படாதீங்க, அது மூக்குல மட்டும் வேலை செய்யற சின்ன அளவு. அடிக்கறப்ப தலைய லேசாக் குனிஞ்சுக்கங்க, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, நுனி காதப் பாத்து இருக்கோணும், நடுத்தண்டப் பாத்து அடிச்சா ரத்தம் கசியும். முழுப் பலன் தெரிய ரெண்டு வாரம் கூட ஆகலாம், மூணாம் நாளே கேக்கலைன்னு தூக்கி வீசறவங்கதான் நெம்பப் பேரு.

கேள்வி: 6 வயசுப் பையனுங்க. ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு இருமல், நெஞ்சுல விசில் சத்தம். கொசு நெம்ப எச்சுங்கறதால சுருள் கொளுத்தி வெச்சுத்தான் படுக்கறோம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம். அதனால இருக்குமா? – வாசகர், அவிநாசி

பதில்: இருக்குமானு இல்லீங்க, அத முதல்ல நிறுத்துங்க, இன்னைக்கு ராத்திரியே நிறுத்துங்க. 2003ல வெளியான ஒரு ஆய்வுல ஒரு கொசுவர்த்தி சுருள் எரிஞ்சு முடியறப்ப வர்ற நுண்துகள கணக்குப் போட்டாங்க, 75ல இருந்து 137 சிகரெட் எரிஞ்சதுக்குச் சமம். அத ஒரு சின்ன ரூம்ல, கதவச் சாத்திட்டு, கொழந்தை தலைமாட்டுல வெக்கறோம். கொசுவுக்கு வலை கட்டுங்க, ஜன்னலுக்கு நெட் அடிங்க, பொடக்காளில தேங்கியிருக்கற தண்ணியக் கொட்டிக் கவுத்துங்க. சாம்பிராணி சாமிக்குப் போடறதுன்னா பையன் வெளிய வெளையாடற நேரமாப் பாத்து கதவு ஜன்னல் எல்லாம் தொறந்து வெச்சுட்டுப் போட்டு, பொகை போனதுக்கு அப்பறம் அவன உள்ள கூப்புடுங்க. விறகடுப்பு இருந்தா அதே கணக்குத்தான். வீட்டுல யாராச்சும் பீடி சிகரெட் புடிச்சா, திண்ணைல புடிச்சேன்னு சொல்றதெல்லாம் வேண்டாங்க, சட்டைலயே அந்தப் பொகை ஒட்டிட்டு உள்ள வருது.

இன்னொண்ணு. ராத்திரி இருமல், விசில் சத்தம்னா ஆஸ்துமாவான்னு பாக்கோணும். மூக்கும் நெஞ்சும் ஒரே பாதைதான், மூக்கு அலர்ஜிய விட்டுட்டா நெஞ்சுக்கு எறங்கறது சகஜம். இன்ஹேலர் எழுதிக் குடுத்தா "பழகிப் போயிரும்"னு ஒறம்பரை நாலு பேரு சொல்லுவாங்க, கேக்காதீங்க, இன்ஹேலர் பழக்கம் ஆகற பொருள் இல்ல. சிரப்ப விடக் கொறைஞ்ச மருந்து, போக வேண்டிய எடத்துக்கு மட்டும் போகுது.

கேள்வி: மகளுக்கு கொழந்தை பொறந்து 4 மாசம். எங்க ஆத்தா தண்ணி வாக்கறப்ப மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதி சளி எடுக்கறாங்க. மகள் வேண்டாங்கறா. எங்களையெல்லாம் இப்படித்தானே வளத்துனாங்க? – வாசகி, கோபி

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த மாசம் பக்கம் எச்சாக் கேட்டு வாங்குனேனுங்க. உங்க மகள் சொல்றது செரி. தயவு பண்ணி நிறுத்துங்க.

எண்ணெய் தண்ணி மாதிரி இல்ல. தண்ணி மூச்சுக் குழாய்க்குள்ள போனா கொழந்தை பொறையேறி இருமித் தள்ளிரும், எண்ணெய் அந்த இருமலக் கிளப்பாமயே வழுக்கிட்டு நுரையீரலுக்குள்ள எறங்கிரும். எறங்குனது அங்கயே தங்கி சுத்தியும் புண்ணாகி நிமோனியா ஆகுது, எண்ணெய் நிமோனியான்னே அதுக்குப் பேரு. சாதாரண நிமோனியாவுக்குக் குடுக்கற மருந்துக்கு அது அடங்காது, டாக்டருங்களும் வேற ஏதோன்னு தேடிட்டு இருப்பாங்க, வீட்டுல எண்ணெய் விட்டத யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அது தப்புன்னே யாருக்கும் தோணாது. நான் படிச்சு முடிச்ச புதுசுல வார்டுல ஒரு அஞ்சு மாசக் கொழந்தை மூணு வாரமா மூச்சு வாங்கிட்டுக் கெடந்துச்சு, பாட்டியம்மா பக்கத்துலயே ராவும் பகலும் உக்காந்திருந்தாங்க, எப்படி தண்ணி வாப்பீங்கன்னு கேட்டப்பதான் வெளிய வந்துச்சு. அந்த அம்மா முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. கொழந்தை பொழச்சுது, ஆனா அந்தப் பாட்டி அதுக்கப்பறம் கொழந்தையத் தொடவே பயந்தாங்க. உங்க ஆத்தாவுக்கு அந்த நெலமை வர வேண்டாங்க.

ஆத்தாகிட்ட சண்டை போடாதீங்க. ஒடம்புக்கு எண்ணெய் தேச்சு, காலு கைய நீவி விட்டு, வெதுவெதுன்னு தண்ணி வாக்கறது நல்லதுதான், அந்தக் கைப்பக்குவம் நமக்கு வராது, அத அவங்களே செய்யட்டும். மூக்கு, காது, தொண்டைக்குள்ள மட்டும் எதுவும் விடக் கூடாது, வாய வெச்சு ஊதறதும் வேண்டாம், நம்ம வாயில இருக்கற கிருமி எல்லாம் கொழந்தைக்குப் போகும். தொண்டைக்குள்ள வெரல விட்டு உரம் எடுக்கறேங்கறதும் வேண்டாம். மூக்கு அடைச்சுட்டு பால் குடிக்க முடியலைன்னா மெடிக்கல்ல சலைன் சொட்டு மருந்து கெடைக்கும், அது வெறும் உப்புத் தண்ணி, பால் குடுக்கறதுக்கு முன்னால ஒவ்வொரு மூக்குலயும் ஒரு சொட்டு ரெண்டு சொட்டு விட்டா எளகி வரும். கற்பூரம் போட்டுக் காய்ச்சுன எண்ணெய நெஞ்சுல தேய்க்கறதும் கைக்கொழந்தைக்கு ஆகாது, கற்பூரம் ஒடம்புக்குள்ள போனா ஜன்னி வரும், ரெண்டு வயசுக்குள்ள தைலம் எதுவும் வேண்டாம். ஒரு வயசு முடியற வரைக்கும் தேனும் நாக்குல தடவாதீங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், சளிக்கு அத விட நல்ல தடுப்பு வீட்டுல வேற இல்ல.

கேள்வி: வாழப்பழம், தயிர், தலைக்குக் குளிக்கறது – எத நிறுத்தோணும்? – வாசகி, திருச்செங்கோடு

பதில்: எதையும் நிறுத்த வேண்டாங்க. சளி வைரஸால வருது, அலர்ஜி தூசி, பூச்சி, மகரந்தத்தால வருது. ஒரு பொருள் தின்னா ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு ஒத்துக்கலைன்னா அத மட்டும் விடுங்க. கொழந்தைக்கு தயிரும் பழமும் வருசம் பூரா நிறுத்தி வெச்சு எலும்பும் தோலுமாக் கூட்டிட்டு வர்றவங்களப் பாத்தா வயிறு எரியுது. கொள்ளு ரசம் மெளகு தட்டிப் போட்டு சுடச்சுடக் குடிங்க, தொண்டைக்கு எதமா இருக்கும், அதுக்கு மேல அது மருந்து இல்ல.

கேள்வி: மூக்கடைப்புக்கு சொட்டு மருந்து போட ஆரம்பிச்சு 8 மாசம் ஆச்சு. இப்ப அது இல்லாம தூங்க முடியல, பாக்கெட்டுலயே வெச்சிருக்கேன். – வாசகர், பெருந்துறை

பதில்: பாட்டில்ல சைலோமெட்டாசோலின் இல்லைன்னா ஆக்ஸிமெட்டாசோலின்னு போட்டிருக்குதான்னு பாருங்க. மூணு நாள், மிஞ்சிப் போனா அஞ்சு நாள், அதுக்கு மேல போடக் கூடாத மருந்து அது. மூக்குக்குள்ள வீங்கியிருக்கற ரத்தக் குழாய இறுக்கி ஒடனே தொறந்து விடும், வேகம் தீந்ததும் முன்ன விட எச்சா வீங்கும், மறுபடி போடுவீங்க. இப்ப உங்களுக்கு அடைப்பே அந்த மருந்தாலதான். நீங்க தப்பானவரு இல்ல, அத எத்தன நாளைக்குப் போடோணும்னு உங்களுக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான். காது மூக்கு தொண்டை டாக்டரப் பாருங்க, வேற ஸ்ப்ரே ஆரம்பிச்சுட்டு இத ஒரு பக்க மூக்குக்கு மொதல்ல நிறுத்தி, அப்பறம் அடுத்த பக்கம்னு விட வெப்பாங்க. ஒண்ணு ரெண்டு வாரம் செரமமா இருக்கும், தாங்கிக்கோங்க, தலைய கொஞ்சம் ஒசத்தி வெச்சுப் படுங்க.

கேள்வி: யூடியூப்ல மூக்குக்குள்ள தண்ணி ஊத்திக் கழுவறாங்க, நல்லதா? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: அலர்ஜிக்கும் சைனஸுக்கும் நல்லதுங்க, ஆனா தண்ணி காய்ச்சுன தண்ணியா இருக்கோணும். சிறுவாணித் தண்ணியானாலும் செரி ஆழியாத்துத் தண்ணியானாலும் செரி, கொழாய்த் தண்ணிய அப்படியே மூக்குல ஊத்தாதீங்க. மூளையத் தின்னும் அமீபான்னு பக்கத்துல கேரளாவுல 2024லயும் 2025லயும் எத்தன பேருக்கு வந்துச்சுன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க, நேக்ளீரியாங்கற அந்த அமீபா குடிச்சா ஒண்ணும் பண்ணாது, மூக்கு வழியா போனாத்தான் மூளைக்கு ஏறுது. தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிக்க வெச்சு ஆற வைங்க. ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, டீஸ்பூன்ல தலைதட்டி ஒண்ணரை, அயோடின் சேக்காத உப்பா இருந்தா எரியாது, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. அன்னன்னைக்குக் கலக்குனத அன்னன்னைக்கே ஊத்திருங்க. கழுவற கிண்டியையும் காய வைங்க. காது வலி இருந்தா வேண்டாம்.

கேள்வி: தோட்டத்துக்குப் போயிட்டு வந்தாலே கண்ணு செவந்து தும்மல், கழுத்தெல்லாம் தடிப்பு. – வாசகர், காங்கேயம்

பதில்: வரப்புல வெள்ளையா குட்டிக் குட்டிப் பூ பூத்துக் கெடக்குமே, பார்த்தீனியம், அத சந்தேகப்படுங்க. 1950கள்ல நம்ம நாட்டுல தலைகாட்டுன செடி, இப்ப அது இல்லாத பொறம்போக்கே இல்ல. அதோட மகரந்தம் மூக்குக்கும் ஆகாது, செடி பட்டா தோலுக்கும் ஆகாது. சீமைக் கருவேல மகரந்தமும் இப்படித்தான் பண்ணும். மழை பேஞ்சு மண்ணு ஈரமா இருக்கறப்ப, பூக்கறதுக்கு முன்னால, கையுறையும் மாஸ்க்கும் போட்டு வேரோட புடுங்கோணும், அதையும் நீங்க செய்யாம வேற ஆள விடுங்க. வீட்டுக்கு வந்ததும் கைகாலோட நிறுத்தாம தலையையும் அலசிட்டு, சட்டைய வெளியவே போட்டுட்டு உள்ள போங்க. தலைமுடில ஒட்டியிருக்கறது தலகாணிக்குப் போனா ராத்திரி முழுக்க அதத்தான் மோந்துட்டுக் கெடப்பீங்க.

கேள்வி: ஸ்பின்னிங் மில்லுல பஞ்சப் பிரிச்சுத் தூசி எடுக்கற ப்ளோ ரூம்ல 11 வருசமா வேல. திங்கக்கிழமை வேலைக்குப் போனா நெஞ்சு இறுக்கிப் புடிக்குது, வெள்ளிக்கிழமை பரவால்ல. அலர்ஜி மாத்திரை போடறேன், கேக்கல. – வாசகர், உடுமலை

பதில்: இது வெறும் அலர்ஜின்னு விட்றாதீங்க. லீவு முடிஞ்சு போற மொத நாள் நெஞ்ச இறுக்குதுன்னா பஞ்சு தூசியால வர்ற பிசினோசிஸான்னு பாக்கோணும். ப்ளோ ரூம், பஞ்சு சீவற கார்டிங்ல வேல பாக்கறவங்களுக்குத்தான் எச்சா வருது. ஆரம்பத்துல திங்கக்கிழமை மட்டும், அப்பறம் செவ்வாயும் சேரும், கவனிக்காம விட்டா எல்லா நாளும் ஆகி நுரையீரல் நெரந்தரமாக் கெட்டுப் போகும். ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போயி என்ன வேல, எத்தன வருசம், எந்தக் கெழமை வருதுன்னு தெளிவாச் சொல்லுங்க, ஊதிப் பாக்கற டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. சட்டத்துலயே தொழில் நோய்னு பட்டியல்ல இருக்கறது இது, கேக்கறது உங்க உரிமை. கைக்குட்டை கட்டுனா அந்தத் தூசி நிக்காது, என்95 மாஸ்க் மூக்கோட ஒட்டி நிக்கற மாதிரி போடோணும். பீடி புடிச்சா இன்னைக்கே விடுங்க. வேலத் துணியோட கொழந்தையத் தூக்காதீங்க.

கேள்வி: 3 வயசுப் பாப்பாவுக்கு ஒரு பக்க மூக்குல மட்டும் சளி, கெட்ட வாடை. – வாசகி, தாராபுரம்

பதில்: ரெண்டு மூக்கும் ஒழுகுனா சளி, ஒரு மூக்கு மட்டும் நாத்தத்தோட ஒழுகுனா உள்ள எதையோ போட்டிருக்குது. மணி, கடலை, புளியங்கொட்டை, ஸ்பாஞ்சுத் துண்டு. நீங்க ஹேர்பின் போட்டு நோண்டாதீங்க, உள்ள தள்ளிரும். நாளைக்குக் காலைலயே டாக்டர்கிட்ட போங்க. பொம்மைல இருக்கற பட்டன் பேட்டரிய போட்டிருக்குமோன்னு சந்தேகம் இருந்தா நாளைக்குன்னு வெக்காதீங்க, இப்பவே போங்க, சில மணி நேரத்துலயே உள்ள வெந்துரும்.

கேள்வி: சளி மஞ்சளா வந்தா ஆன்டிபயாடிக் போடோணும்ல? எப்பத்தான் பயப்படோணும்? – வாசகி, நாமக்கல்

பதில்: மஞ்சளானாலும் பச்சையானாலும் கலர மட்டும் வெச்சு ஆன்டிபயாடிக் வேண்டாங்க, சாதாரண சளியே அஞ்சாவது நாள் அப்படித்தான் கெட்டியாகும். மெடிக்கல்ல மூணு மாத்திரை வாங்கிப் போடறது வைரஸ ஒண்ணும் பண்ணாது. பத்து நாளாகியும் கொறையலைன்னா, இல்ல கொறைஞ்ச மாதிரி இருந்து மறுபடி காச்சலும் மொக வலியுமா திரும்புனா, அப்ப சைனஸ்ல கிருமி பிடிச்சிருக்கலாம், டாக்டரப் பாருங்க. வீட்டுல யாருக்காச்சும் சளின்னா சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவறது, முழங்கைல இருமறது, துண்டு தலகாணி தனியா வெச்சுக்கறது, இது மூணையும் விடாம செய்யுங்க. ஃப்ளூ ஊசி வருசா வருசம் போடோணும், வயசானவங்க, ஆஸ்துமா, சக்கரை இருக்கறவங்க கேட்டு வாங்கிப் போட்டுக்கோங்க. கொழந்தைங்களுக்கு நிமோனியாவத் தடுக்கற நிமோகாக்கல் ஊசி 2021ல இருந்து அரசு ஆஸ்பத்திரில இலவசம், 6 வாரம், 14 வாரம், 9 மாசம்னு மூணு தடவை, விட்றாதீங்க.

பயப்பட வேண்டியது கலருக்கு இல்ல, மூச்சு வேகத்துக்கு. கொழந்தை தூங்கறப்ப சட்டையத் தூக்கிட்டு வயிறு ஏறி எறங்கறத ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க, பாதி எண்ணி ரெண்டால பெருக்க வேண்டாம். ரெண்டு மாசத்துக்குள்ள 60, ஒரு வயசுக்குள்ள 50, ஒண்ணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40. அந்த அளவையோ அதுக்கு மேலயோ தொட்டா அன்னைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு இழுக்கறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுந்தா, ஒதடு நீலம் பாரிச்சா, பால் குடிக்காம தொவண்டு கெடந்தா வெடியட்டும்னு காத்திருக்காதீங்க, 108க்குக் கூப்புடுங்க, வண்டி வர்ற வரைக்கும் கொழந்தைய நெஞ்சுல சாய்ச்சு நிமிந்தாப்புல புடிச்சுக்கோங்க, வாயில தண்ணியோ மருந்தோ எதுவும் ஊத்த வேண்டாம்.